ஒரு படத்திலும் வராத காக்கா

கோர்படி, புனே
ஜூலை 13, ஞாயிறு

சௌபாக்கியவதி மீனுவுக்கு, கோர்படி ரயில்வே காலனிப் பக்கத்து மூன்றாம் மாடிக்குச் சக்கரவர்த்தியும், பதினெட்டு பாஷைகளில் பண்டிதனும், உன் சித்தியிடம் மட்டும் தோற்றுப்போனவனுமான உன் சித்தப்பா அநேக ஆசீர்வாதம். நானும் சித்தியும் உன் தம்பி முகுந்தும் கை கால் எண்ணிக்கை குறையாமல் சௌக்கியமாக இருக்கிறோம். கடல் தாண்டி அந்தப் பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வைஷுவும் நனையாமல் இருக்கிறீர்களா என்று எழுது. உங்கள் ஊரில் வருஷத்துக்கு நானூறு நாள் மழை என்று கேள்விப்பட்டேன். இங்கேயும் ஒன்றும் குறைவில்லை, போன வாரம் பெய்த மழையில் எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ மிதந்து போனது, டிரைவர் கையை வெளியே விட்டுத் துடுப்புப் போட்டார், மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. முகுந்த் ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து கிளம்பும்போது மழமழவென்று ஷேவ் செய்த முகமாகத்தான் கிளம்புகிறான், டிராஃபிக்கில் நின்று வீடு வந்து சேரும்போது தாடி நெஞ்சைத் தொடுகிறது, சித்தி யாரோ சாமியார் என்று நினைத்து அரிசி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் எப்போதும்போல் ஆரோக்கியமாக இருக்கிறது.

நீ போன மாசம் அனுப்பிய மெஸேஜைப் பதினோரு தடவை படித்துவிட்டேன். வைஷுவுக்கு நாலு வயசாகிறது, நம் காக்கா காமிக்ஸ் பதினேழு புஸ்தகத்தையும் மறுபடி தேடிச் சேர்க்கப் போகிறேன் என்று ஆரம்பித்து, பழைய காமிக்ஸ் சேகரிக்கிறவர்களின் குழுவில் நீ விசாரித்ததை எழுதியிருந்தாய். கண்ணுக்குத் தெரியாத காக்கா ஒன்று துப்பறியும், எந்தப் படத்திலும் வராது, தொப்பையப்பன் என்கிற திருடனைப் புஸ்தகத்துக்கு ஒரு தடவை பிடிக்கும் என்று நீ சொன்னதற்கு, அங்கே ஒரு மகானுபாவன் அது காமிக்ஸ் இல்லை மேடம், கனவு என்று பதில் போட்டானாம், நாற்பது பேர் அதற்குச் சிரித்தார்களாம். ரவிச்சந்திரன் மாப்பிள்ளை வேறு, உங்க வீட்ல எல்லாருக்குமே கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி என்றாராம். இவ்வளவும் பரவாயில்லை, கடைசியில், நெஜமாவே அப்படி ஒரு புஸ்தகம் இருந்துதா சித்தப்பா, இல்ல நானா நெனச்சுண்டேனா என்று கேட்டிருந்தாயே, வழக்கமாக நீ போடும் சிரிப்பு மூஞ்சி ஒன்றுகூட இல்லாமல், அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நீ உன் ஞாபகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாய் என்றால் அதற்குக் குற்றவாளி ஒருவன்தான் இந்தப் பூலோகத்தில் இருக்கிறான். இதை மெஸேஜில் சொன்னால் பாதி படிப்பதற்குள் போன் பண்ணிக் கத்துவாய். அதனால்தான் கடுதாசி.

கேள். உன் அப்பாவுக்கு எல்லைப் பக்கம் வேலையாகி, உன்னை எங்களிடம் விட்டுவிட்டுப் போனபோது உனக்கு நாலு வயசு. நான் ரயில்வே வேலை கிடைத்து புனேக்கு வந்து மூன்றே வாரம். எனக்குப் பதினெட்டு பாஷை தெரியும் என்று அதற்குள் உன்னிடம் அளந்துவிட்டிருந்தேன். நீ அழாமல் இருக்க வேண்டுமே என்று பழைய பேப்பர்க் கடையில், அதுதான் இங்கே ரத்திக்கடை என்கிறார்களே, அங்கே ஒரு கட்டு காமிக்ஸ் வாங்கி வந்தேன். அத்தனையும் மராத்தி. எனக்கு அன்றைக்கு மராத்தியில் ஒரு எழுத்து தெரியாது மீனு, தலைகீழாகப் பிடித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அட்டையில் எல்லாப் புஸ்தகத்திலும் ஒரே எழுத்து இரண்டு தடவை இருந்தது, அது என்ன என்று கடைக்காரரைக் கேட்டேன், காகா என்றார். நான் நம் ஊர் மனுஷன், காகா என்றால் எனக்கு வேறு எது தோன்றும்? சரி, காக்கா கதை என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ மடியில் ஏறிப் படிச்சுக் காட்டு சித்தப்பா என்றாய். பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்ட பைஜாமாவில் ஒரு மீசைக்காரன்தான் நிற்கிறான், காக்காவின் இறகுகூட இல்லை. காக்கா எங்கே என்றாய். இப்பத்தான் பறந்து போச்சு, அடுத்த பக்கத்துல வரும் என்றேன். அடுத்த பக்கத்திலும் இல்லை. நீ பக்கத்தைத் திருப்பற சத்தத்துல பயந்து ஓடிடுத்து என்றேன். அன்றிலிருந்து நீ ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலால் பிடித்து, பூனை பால் குடிக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் திருப்ப ஆரம்பித்தாய். அந்த அழகைப் பார்த்த பிறகு எந்த அரிச்சந்திரன் உண்மையைச் சொல்வான்? அந்த மீசைக்காரனைத் திருடனாக்கினேன், தொப்பையப்பன் என்று பெயர் வைத்தேன், காக்காவை விட்டு அவனைத் துரத்தினேன். மூன்று வருஷம் துரத்தினேன்.

காகா என்றால் என்ன என்று எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஆறு மாசம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் கேம்ப் கடைத்தெருவுக்குப் போகிறேன், கண்டக்டர் என்னைப் பார்த்து, காகா, புடே சர்கா என்றார். முன்னால் நகரச் சொல்கிறார் என்று புரிந்தது, ஆனால் என் நிறத்தைப் பார்த்து என்னைக் காக்கா என்று கூப்பிட்டுவிட்டார் என்று ரத்தம் கொதித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் முறையிட்டேன். அவள், கண்ணாடில பாத்துண்டேளா, காக்காதான் கோவிச்சுக்கணும் என்றாள். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரித்து வந்து சொன்னாள், இந்த ஊரில் சித்தப்பா, பெரியப்பாவுக்கெல்லாம் காகா என்றுதான் பெயராம், தலையில் நாலு முடி குறைந்தால் பஸ்ஸில் எல்லோருமே காகாதானாம். அட்டையில் இருந்த காகா யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் நம் காக்கா ஏழு புஸ்தகத்தைத் தாண்டிவிட்டது, நீ ஜன்னலில் அதற்கு தினம் ஒரு பிடி சாதம் வைக்கிறாய். இனிமேல் அதைச் சித்தப்பாவாக மாற்ற முடியுமா?

இப்போது பெரிய குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சித்தியே முந்தாநாள்தான் தெரிந்துகொண்டாள், தெரிந்துகொண்டு இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. நீ ஒன்றாம் கிளாஸ் சேர்ந்து ஒரு மாசம் இருக்கும், ஸ்கூலிலிருந்து மராத்தி எழுத்தை க, கா, கி, கீ என்று பாடிக்கொண்டே மாடி ஏறினாய். உனக்கு இரண்டாவதாகத் தெரிந்த எழுத்தே கா. அட்டையில் இருப்பதும் அது மட்டும்தான். இன்னும் நாலு மாசத்தில் உள்ளே இருப்பதையும் படித்துவிடுவாய், பதினெட்டு பாஷைப் பண்டிதன் வேஷம் கலைந்துவிடும். மறுநாள் பதினேழு புஸ்தகத்தையும் கொண்டுபோய் அதே ரத்திக்கடையில் தள்ளிவிட்டு, தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் கொட்டி, உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாரு மீனு, கரையான் தின்னுடுத்து என்று. கரையான் தின்னவில்லை, மீனு. நான்தான். நீ இரண்டு கையையும் அந்தத் தூளுக்குள் விட்டுத் துழாவினாய். அப்புறம், காக்காவையும் தின்னுடுத்தா என்று கேட்டாய். எவ்வளவோ புளுகின நான், செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தெருவில் நின்றேன். முப்பது வருஷமாக நீ கரையானை வைதுகொண்டிருக்கிறாய், அந்த ஜந்துக்களின் சாபம் எல்லாம் என் முழங்காலைத்தான் பிடித்திருக்க வேண்டும், வழியில் விலாசம் தவறி உன் சித்தியைப் பிடித்துவிட்டது.

பிராயச்சித்தமாக நாலு வாரமாய் புனேயைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியிருக்கிறேன். ஒரு ரத்திக்கடை பாக்கி இல்லை. என்னைப் பார்த்தாலே ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். கேம்பில் பழைய புஸ்தகம் விற்கும் சலீம் என்று ஒருவர், முதல் நாள் போய் காகா இருக்கா என்றதும், அரே காகா, கண்ணாடி வாங்கிப் பாருங்க, எதிர்லயே இருக்கார் என்றார். ஆனால் நல்ல மனுஷர், நான் ஐந்தாவது தடவை போனபோது பரணில் ஏறித் தும்மித் தும்மி நாலு புஸ்தகம் எடுத்துக் கொடுத்தார். பதினேழில் நாலு. ஒன்றில் உன் எச்சில் கறை இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவேன், சித்தி அது டீக்கறை என்கிறாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புஸ்தகங்களைப் படித்தேன். இப்போது எனக்கு மராத்தி நன்றாகவே வரும். படித்தால் தலையில் இடி விழுந்தது. நாம் மூன்று வருஷம் ஓட ஓட விரட்டினோமே தொப்பையப்பன், அவன்தான் காகா. அவன்தான் கதாநாயகன். ஊரில் யார் வீட்டில் என்ன தொலைந்தாலும் கண்டுபிடித்துக் கொடுக்கிற, குழந்தைகளுக்கெல்லாம் பிரியமான தங்கமான சித்தப்பா. நகைக்கடைச் சுவரில் அவன் ஓட்டை போடுகிற படம் உனக்கு ஞாபகம் இருக்கும், அது ஓட்டை போடுவது இல்லை, சுவருக்குள் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டியை எடுக்கிறான். ஒரு உத்தமனை நான் பதினேழு தடவை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அதில்தான் பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பமானது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். நீயாக நினைத்துக்கொண்டது ஒன்றும் இல்லை. புஸ்தகம் இருந்தது, காக்காவும் இருந்தது, ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. அந்தக் குழுவில் நானும் நேற்றுச் சேர்ந்து, கனவு என்று சொன்ன மகானுபாவனுக்கு நாலு அட்டைகளையும் போட்டோ பிடித்துப் போட்டு, மேற்படி காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பு ஒரே ஒரு வாசகிக்காக கோர்படியில் வாய்மொழியாக வெளியிடப்பட்டது, பதிப்பாசிரியர் அடியேன், குற்றமும் அடியேனுடையது, வாசகியின் ஞாபகத்தில் பிழை இல்லை என்று சுத்தமான மராத்தியில் சாசனம் எழுதிவிட்டேன். மாப்பிள்ளையிடமும் அதைக் காட்டு.

நாலு புஸ்தகத்தையும் நாளைக்குப் பார்சல் அனுப்புகிறேன். பாக்கி பதிமூன்றையும் தேடிக்கொண்டே இருப்பேன், ஷட்டரை எத்தனை நாள்தான் இறக்கி வைப்பார்கள். ஒரு கஷ்டம் இருக்கிறது. என் கதைகளில் முக்கால்வாசி எனக்கே மறந்துவிட்டது, வாயில் வந்ததைச் சொன்னவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும். உனக்கு எல்லாம் இருக்கிறது என்று உன் மெஸேஜைப் பார்த்தாலே தெரிகிறது. உனக்கு இந்த எழுத்துக்கள் படிக்க வரும், வைஷுவுக்கு இன்னும் எந்த எழுத்தும் வராது. ஆக, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிரித்தால், அச்சில் இருக்கிற காகாவைப் படித்துக் காட்டுவதா, இல்லை நம் காக்காவையா என்பது உன் இஷ்டம். அந்த மீசைக்காரனுக்கு நான் செய்த அநியாயத்துக்கு நீ நியாயம் வழங்கினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், வேண்டியதுதான் எனக்கு.

பார்சலில் சித்தி ஆவக்காயும் வைத்திருக்கிறாள், ஏழு சுற்றுப் பிளாஸ்டிக் போட்டிருக்கிறது, இருந்தாலும் முதலில் அதைத் தனியே எடுத்துவிடு. வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் தேய்த்துக் குளி, குளிருகிறது என்று சாக்குச் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம் கலந்த ஆசீர்வாதம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், கால் வழுக்காமல், நூறு வருஷம் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. முதல் தடவை வைஷுவுக்குப் படித்துக் காட்டும்போது எனக்கு வீடியோ கால் போட்டு, போனை எங்கேயாவது சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பி. நான் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டேன். சித்தி இருமினால் அவளை அடுத்த அறைக்கு நாடு கடத்திவிடுகிறேன். நீ எதைப் படிக்கிறாய் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சந்தானம்