மூக்கில் வந்த தூசி

ஜூலை 7, செவ்வாய்

காய்ந்த காற்று. கூரைத் தகரம் படபடக்கிறது. தேயிலைக்கு நல்ல வாசம் வரும் மாதம். ஃபாக்டரியில் ஆள் குறைவு. இரண்டு நாளாக நானே தூள் சலிக்கும் இடத்தில். இடது கன்னத்தில் வலி. கடைவாய்ப் பல்லாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. அங்கே தூசியில் நிற்கிற எல்லாருக்கும் அப்படித்தான்.

வாங்க: கிராம்பு, சவர்க்காரம், மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

ஜூலை 8, புதன்

கன்னம் வீக்கம். லீவு கேட்டேன். பெரிய டீமேக்கர்: "இந்த சீசன்ல உதவி டீமேக்கரே பல்லுவலின்னு படுத்தா நான் என்னங்க செய்றது?" கொடுத்தார், வேண்டாவெறுப்பாக. பசறை டவுனுக்குப் போய் வலி மாத்திரை வாங்கினேன். கொப்பி மறந்துவிட்டது.

ஜூலை 12, ஞாயிறு

வலி அப்படியே. கன்னம் மரத்து, சவரக்கத்தி பட்டதே தெரியவில்லை. ஓயாத தாகம். இடது இமை தொங்குகிறது.

என் மனைவி செல்வி கைக்குட்டைகளைத் துவைக்க எடுத்தவள், ஒன்றை விரித்துக் காட்டினாள்.

"நாலு நாளா ஃபாக்டரிப் பக்கமே போகல. இன்னும் எங்கேருந்துங்க தூசி வருது?"

கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தேன். மேலண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு. பயந்துவிட்டேன்.

ஜூலை 13, திங்கள்

பதுளை பெரியாஸ்பத்திரி. வார்டில் சேர்த்துவிட்டார்கள். காது மூக்கு டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "வாயை நல்லாத் திறவுங்கோ." பரிசோதனைக்கு மூக்கில் சுரண்டி எடுத்தார். இரத்தத்தில் சீனி நானூறுக்கு மேல். என் சீனி வருத்தக் கிளினிக் புத்தகத்தைப் புரட்டினார்.

"இதில ஒவ்வொரு முறையும் நல்லாத்தானே இருக்கு?"

சொல்லிவிட்டேன். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன், சோற்றையும் குறைப்பேன். ரிப்போர்ட் நன்றாக வந்தால் திட்டு விழாது. மற்ற நாளில் நினைவு வந்தால் ஒன்று. செல்விக்கு இது இதுவரை தெரியாது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தாள். வெட்கமாக இருந்தது. திட்டியிருக்கலாம்.

ஜூலை 14, செவ்வாய்

ஸ்கேன். பிறகு மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் நடுக்கம், இரண்டு கம்பளி போதவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் கிரிக்கெட்.

மாலை டாக்டர் வந்தார். "இது பங்கசு, ஒரு வகைப் பூஞ்சணம். சீனி கூடின ஆக்களைப் பிடிக்கும். மூக்கிலயிருந்து கண்ணுக்குப் போயிட்டுது. கண்ணையும் சேர்த்து எடுக்க வேணும். விட்டா மூளைக்குப் போகும்."

"கண்ண விட்டுட்டு மத்தத எடுக்க ஏலாதுங்களா?"

"அந்தக் கண்ணால இப்ப என்ன தெரியுதெண்டு நீங்களே பாருங்கோ. காலமை சொல்லுங்கோ."

பார்க்கவில்லை. துணிவு வரவில்லை.

ஜூலை 15, புதன்

மழை இல்லை. காலையில் நர்ஸ் சம்மதப் பத்திரம் கொண்டுவந்தார். செல்வி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாளாம். வலது கண்ணைக் கையால் பொத்தினேன்.

"செல்வி, எங்க போயிட்ட?"

"உங்க முன்னாலதாங்க நிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டேன்.