சிரிக்காத ஞாயிறு

அன்புள்ள அறிவுமதி,

போன ஞாயிறு நீங்கள் இருவரும் என்னைப் பார்க்க வந்தபோது, நம் பெண் தன் ஓட்டப்பந்தய மெடலை என் கழுத்தில் போட்டாள். நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். "அப்பாவுக்குப் புடிக்கலையாம்மா?" என்று அவள் உன்னிடம் கேட்டது காதில் விழுந்தது.

பிடிக்காமல் இல்லை. சந்தோஷம்தான் வரவில்லை.

இந்தப் போதை மறுவாழ்வு மையத்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பௌர்ணமி கிரிவலத்துக்குத் தூங்காம வேன் ஓட்ட நீங்க எடுத்த பவுடர், மூளையில சந்தோஷத்த ஒரேயடியா கொட்ட வச்சுதுங்க. இப்ப சின்னச் சின்ன சந்தோஷம் அதுக்கு உறைக்கல. இதுக்குன்னு தனி மாத்திரை கிடையாது. வேளைக்குத் தூங்கணும், சாப்பிடணும், கவுன்சிலிங்ல மனசு விட்டுப் பேசணும். சந்தோஷம் திரும்பும், மாசக்கணக்குல ஆகும்" என்றார்.

எல்லாம் பேசுகிறேன். அடி அண்ணாமலை வளைவில் வேன் பள்ளத்தில் இறங்கியதை மட்டும் இன்னும் பேசவில்லை. அன்று பின்சீட்டில் நம் பெண் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த வளைவில் நடந்ததைப் பேசி முடிக்கும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். கோபப்படாதே.

அவளிடம் சொல்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் சிரிக்கவில்லை. அவள் நன்றாகத்தான் ஓடியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்