மெழுகுப்பாவையின் இடையளவு

நலம் நிலைபெறுக. செங்குன்ற நாடாளும் அரசி பூதநங்கையார் திருவாய் மொழிய, ஓலையெழுதும் கொற்றன் கைவழியே, தாழைநாட்டு இளவரசர் முடிவேலருக்குச் சேரும் திருமுகம். உமது ஏரிகள் நிரம்புக. உமது குடிகள் பசியறியாது வாழ்க. பசியைப் பற்றியதே இவ்வோலை.

மணமகன் வீட்டார் ஒட்டியாணம் அனுப்புவதும், மணமகள் அதைப் பூட்டிக்கொண்டு பந்தலேறுவதும் இரு நாட்டுக்கும் பொது வழக்கம். அதற்கு முன்னே செவிலியிடம் கேட்டு, பெண்ணின் இடையளந்த நூலை வாங்கிச் செல்வதும் வழக்கமே. உமது தட்டார் நூல் கேட்டு வரவில்லை. ஒட்டியாணம் மட்டும் வந்தது. அரசியாரின் ஒரே மகள் இளநகையாருக்கு அது ஒரு சாண் பற்றவில்லை. திருத்தித் தருமாறு ஆள் அனுப்பினோம். பொன்னைத் திருத்துவது குலத்துக்கு இழுக்கு, பெண்ணே திருந்தட்டும் என்று விடை சொல்லியனுப்பினீர். உமது பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

இருபத்துநான்கு வயது நிரம்பிய இளநகையார், ஏரிக்கரை உடைந்த நாளில் இடுப்பளவு வெள்ளத்தில் நின்று ஆள் நடத்தியவர். பசித்தால் அடுக்களைக்கே வந்து சட்டியை வழித்து உண்பவர். அப்படிப்பட்டவர் சோற்றைத் தள்ளிவைத்தார். காலைதோறும் ஒட்டியாணத்தை இடையில் சுற்றிப் பார்ப்பார். பிறகு வெறும் நீரைக் குடிப்பார். முடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. பெற்ற வயிறு பற்றியெரிய அரசியார் அழுதபோது, "இன்னும் இரண்டு விரற்கடைதான் அம்மா, பூட்டிவிடும்" என்று சிரித்தார். மறுநாள் குளத்துப் படியில் மயங்கி விழுந்தார்.

அளவு எங்கே எடுத்தது என்று உமது தட்டாரையே அழைத்துக் கேட்டோம். ஆறாண்டாய் உமது பள்ளியறையில் இருக்கும் மெழுகுப்பாவையின் இடையில், உமது ஏவற்படி எடுத்ததாகத் தலைகுனிந்து சொன்னார். தனிமைக்கு ஒருவர் பாவை வைத்துக்கொள்வது அவர் பாடு. அரசியார் அதை இகழவில்லை. ஆனால் அந்தப் பாவைக்குக் குடலில்லை, மூச்சுக்கு இடம் தேவையில்லை, வேண்டாமென்று மறுக்க நாவுமில்லை. அதையே பார்த்துப் பழகிய கண்ணால் உயிருள்ள பெண்ணை அளந்தீரே, அதைத்தான் அரசியாரால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே ஆணை யாதெனில், இம்மணம் நின்றது. குறித்த முகூர்த்தத்தில் அந்தப் பாவையையே பந்தலில் அமர்த்தி, ஊரறிய ஒட்டியாணம் பூட்டுவீராக. அளவு சரியாகவே இருக்கும்.

இன்று இளநகையார் மூன்று வாய் கஞ்சி குடித்தார். நான்காம் வாய்க்கு முன், ஒட்டியாணம் இன்னும் அரண்மனையில்தான் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அதனால்தான் வெயில் தாழக்கூடக் காத்திராமல் அதை இவ்வோலையோடு திருப்பியனுப்புகிறோம்.

இது குன்றமுத்திரை இட்ட ஓலை. விடை வேண்டாம்.