கை எடுத்தும் ஓயாத ஹாரன்

மாப்ள,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததுமே உருகிய மெழுகின் வாசனை. யாருடையதோ ஒரு கட்டித் துணுக்கை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தார்கள். உன் குடலிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை நான் பதித்த அன்றும் இதே வாசனைதான்.

ஓராண்டாக உனக்கு ரத்தம் போனது. மூலம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தே அனுப்பினார்கள். மலைக்காரன் ரத்தம் என்றால் அவ்வளவு இளக்காரம். புற்று ஈரலுக்குப் பரவிய பிறகுதான் நான் வேலை பார்க்கும் நகரத்து மருத்துவமனைக்கு வந்தாய். புது மருந்து ஒன்று இருக்கிறது என்றார்கள். அதை வாங்க உன் மனைவி மிளகுத் தோட்டத்தை விற்க ஆள் பார்த்துவிட்டாள். அந்த மருந்து உனக்கு வேலை செய்யுமா என்று காட்டும் மரபணுப் பரிசோதனை அப்போதுதான் வந்திருந்தது. எந்த மருத்துவரும் அதை எழுதித் தரவில்லை. சண்டை போட்டு நானே செய்தேன்.

டி.என்.ஏ.வில் இருக்கும் முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று மாறியிருந்தது. கே-ராஸ் என்ற மரபணுவில் ஓர் எழுத்து. அதை வைத்துக்கொண்டு அந்தக் கட்டி அத்தனை பெரிய மருந்தையும் ஒன்றுமில்லாமல் செய்துவிடும். வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். அது உன் உயிர் என்பது அப்புறம்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"வளருன்னு வெளிய இருந்து வர்ற உத்தரவத்தான் மருந்து தடுக்கும். உனக்கு உள்ளயே ஒண்ணு ஓயாம உத்தரவு போட்டுட்டு இருக்குது" என்றேன்.

"நம்ம ஜீப்பு ஹாரனாட்டவா மாப்ள?"

வாசலூர்பட்டியிலிருந்து நீ ஆள் ஏற்றிப் போன ஜீப். ஒரு நாள் வளைவில் நீ அடித்த ஹாரன், கையை எடுத்தும் நிற்கவில்லை. உள்ளே வயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அலறிக்கொண்டே செம்மேட்டுச் சந்தைக்குள் போனோம். "ஏனுங்க, மந்திரி வர்றாருங்களா?" என்று கிழங்கு விற்ற பெண் கேட்டாள்.

"ஆமா, அதேதான்" என்றேன். நான் ஆண்டுக்கணக்கில் படித்ததை ஒரு மூச்சில் பிடித்துவிட்டாய்.

"அப்ப மருந்து வேண்டாம். தோட்டம் அவளுக்கு இருக்கோணும். நீயே சொல்லீரு."

உன் மனைவியிடம் சொன்னேன். "காசில்லாதவங்கன்னு மருந்த மறைக்கறீங்களா?" என்று என் சட்டையைப் பிடித்தாள்.

"விடு கண்ணு, அவனுக்குத் திட்டத்தான் தெரியும். பொய் வராது" என்று படுக்கையிலிருந்து சிரித்தாய்.

தோட்டம் அவளிடமே இருக்கிறது. உன் காரியத்தன்றும் அவள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஏழைகளிடம் அத்தனை பொய் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு யாருடைய துணுக்கிலாவது அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது, மாப்ள. பார்த்ததும் அறிக்கையை அனுப்பிவிட்டு உட்கார முடிவதில்லை. நானே வார்டுக்குப் போகிறேன். அழுகிறார்கள், திட்டுகிறார்கள். அவர்கள் நம்பும்வரை அங்கேயே நிற்கிறேன்.