தயாண்ணா, உன் பெயரில் ஒரு பேஸ்பால் கோப்பை

என் உயிரான தயாண்ணாவுக்கு, உன்னைத் திட்டுவதற்கென்றே இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் உன் தங்கை எழுதுவது.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷமும் உன்னைப் பற்றி நல்லதாகவே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "தங்கமான மனுஷன், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்த பேசமாட்டாரு" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே காபி கொடுப்பேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் கோப்பை ஆட்டம் வைத்திருக்கிறார்கள். பாரிவாக்கத்தில் பிளாட் போட்டும் விற்காமல் கிடந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து, சுற்றிலும் பச்சை வலை கட்டி, பேஸ்பால் மைதானம் ஆக்கிவிட்டார்கள். எல்லாம் உன் பழைய கிளப் செயலாளரின் ஏற்பாடு. சம்பளத்துக்கு ஆடும் லீக் தொடங்குகிறாராம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தொடக்க ஆட்டத்துக்குத்தான் உன் பெயர்.

கோவில்பதாகையிலிருந்து மைதானம் வரைக்கும் உன் பேனர். நீ வாழ்நாளில் போடாத கோட்டு சூட்டை கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். அதிலும் நீ சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே? தெருவே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் ஆவடி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அமெரிக்கக் கதைகளைப் படித்துவிட்டு வருவாய். தட்டில் சோறு ஆறிப்போகும், நீ பேசிக்கொண்டே இருப்பாய். முதலில் வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடினார்கள், நல்ல ஆட்டக்காரனுக்கு மேசைக்கு அடியில் பணம் கைமாறியது, பிறகு ஒரு ஊர் அணி எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சம்பளம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு ஊர் ஊராகப் போய் ஜெயித்தது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்பாய்.

அதற்குப் பிறகு முதலாளிகள் ஒன்றுகூடி ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள் என்றும் சொல்வாய். இந்த வருஷம் முடிந்தாலும் அடுத்த வருஷமும் நீ எங்கள் ஆள், வேறு அணிக்குப் போகக் கூடாது, நாங்கள் மட்டும் உன்னை விற்கலாம். ஏறக்குறைய நூறு வருஷம் அந்த வரி நின்றது. ஆட்டக்காரர்கள் வெளியே வந்து தாங்களே ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள், அது ஒரே பருவத்தில் மூடிக்கொண்டது. கறுப்பர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள், அவர்கள் தனியாக லீக் வைத்து ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடினார்கள். அந்தக் கறுப்பர்களுக்கும் ஒருவழியாகக் கதவு திறந்த பிறகு, அவர்களில் ஒருவன் என்னை மூட்டை மாதிரி வேறு ஊருக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனான். தோற்றான். அவன் ஆட்டமும் அதோடு போனது. கொஞ்ச காலத்திலேயே அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்த வரி உடைந்தது. இதைச் சொல்லும்போது உனக்குக் கண் கலங்கும்.

இவ்வளவும் தெரிந்த நீ, இருபத்திரண்டு வயதில், செயலாளர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். ஸ்பைக்ஸ் ஷூவும் பஸ் செலவும் தருகிறாராம். அதே வரி அதிலும் இருந்தது. படித்துத்தான் போட்டேன் என்று நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். உன் மூளையை எங்கே அண்ணா கழற்றி வைத்திருந்தாய்?

நம் பக்கம் பேஸ்பால் ஆடிச் சம்பளம் பார்க்க ஒரே வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அதுவும் உன்னைத் தேடி வந்தது. செலக்‌ஷனில் முதல் பெயர் உன்னுடையது. கிளப்பிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் மட்டும் கேட்டார்கள். செயலாளர் சீசன் முடியட்டும் என்றார். போய் அழுத்திக் கேள் என்று நான் கத்தினேன். நீ அவர் வீட்டுக்குப் போனாய், உட்கார்ந்தாய், டீ குடித்தாய், திரும்பி வந்தாய்.

"பெரிய மனுஷன் செல்வி, மறுபடி கேட்டா சங்கடப்படுவாரு. வுடு" என்றாய்.

வேலை அடுத்த பெயருக்குப் போனது. பின்னாலேயே வயது வரம்பும் தாண்டிவிட்டது. நீ பூந்தமல்லி குடோனில் மூட்டைகளுக்கு நடுவே ஷிப்ட் பார்த்தாய். ஞாயிறானால் அதே கிளப்புக்குச் சும்மா அம்பயராக நின்றாய், வெயிலில், ஒரு பைசா வாங்காமல். இதைத்தான் ஊர் தங்கமான குணம் என்கிறது.

உன் மகள் யாழினி ஒருநாள் கேட்டாள், அப்பாவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று. "எனுக்கு பந்து அவ்ளோ வேகம் வராதுமா, செலக்‌ஷன்ல தேறல" என்றாய். நான் வாயைத் திறந்தேன். நீ என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் உன் தலைமேல் சத்தியம் வாங்கினாய். அந்த ஆளைப் பற்றிக் குழந்தை மனதில் கசப்பு வரக் கூடாதாம். நீ சாகும்வரை அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்கு அப்புறமும் காப்பாற்றினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அண்ணி பட்டுப்புடவையில் குத்துவிளக்கு ஏற்றினாள். யாழினிதான் பெண்கள் அணியில் பந்து வீசும் பிட்சர், ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து அவளுடையது, கேமரா எல்லாம் தயார். கொடு பார்ப்போம் என்று அந்தக் காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். அம்பத்தூர் கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கிளப் விரும்பினால் ஒப்பந்தம் வருஷா வருஷம் தானாக நீளும். கிளப்பின் அனுமதி இல்லாமல் வேறு எங்கும், வேலைக்காகக்கூட, ஆடக் கூடாது.

இது என்ன சார் என்றேன். அவர் அசரவே இல்லை.

"இன்னாமா செல்வி, இது எல்லாத்துக்கும் போடறதுதான். உங்க அண்ணனும் இதுலதான் கையெழுத்து போட்டாரு. ஒரு நாளு ஒரு வார்த்த கேட்டிருப்பாரா? அவுரே கேக்காதத நீ இன்னாத்துக்கு கேக்குற?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. உன் பொறுமையைத்தான் உன் மகளுக்கு எதிராக எடுத்துக் காட்டினார். அந்த நிமிஷம் அவரைவிட உன்னை அதிகமாக வெறுத்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்தாள். "சும்மா இரு செல்வி. அவரு பேர்ல நடக்குது, சண்ட இழுத்துகினு நிக்காத."

யாழினிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "இத வுட்டா நான் எங்க போய் ஆடறது அத்தே? நானும் அப்பா மாதிரி தேறாம கெடோன்ல மூட்ட எண்ணிகினு இருக்கணுமா?"

முன்னால் மைக் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். "உங்கப்பன் தேறினான்டி. மொத பேரே அவன்துதான். லெட்டர் குடுக்காதவரு இதோ நிக்கறாரு."

யாழினி அவரைப் பார்த்தாள். "நெஜமா சார்?"

"அது அந்த காலத்து கதமா. சீசன் முடியட்டும்னேன். அதுக்கு மேல அவுரு கேக்கலியே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பார்த்தாயா? குடுத்திருப்பாரா அண்ணா? உனக்குத் தெரியுமா?

யாழினி பேனாவை மூடினாள். "அப்ப நான் கேக்கறேன் சார். அந்த வரிய அடிச்சிட்டு குடுங்க, போடறேன்." அவர் சிரித்தார். அவள் மேடையை விட்டு இறங்கினாள். அவள் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பெண்ணும் கூடவே இறங்கினாள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டில் என்ன கஷ்டமோ, நான் குறை சொல்லவில்லை. உன் கோப்பை ஆட்டம் நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி இன்னும் என்னோடு பேசவில்லை. யாழினிக்கு இப்போது அணி கிடையாது. வேறு கிளப் என்று பார்த்தால் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் செய்தது சரியா? இந்தக் கேள்வியோடுதான் தினமும் கம்பெனி பஸ் ஏறினேன்.

நேற்றுச் சாயங்காலம் யாழினி என் வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து, "அப்பா பந்து எவ்ளோ வேகமா வரும் அத்தே?" என்று கேட்டாள். பின்கட்டில் நீ வீசும் பந்தை நான்தான் பிடிப்பேன் என்றும், உள்ளங்கை எரிந்து ராத்திரி சோறு பிசைய முடியாது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"எனுக்கு தெரியாது அத்தே. வேகம் இல்லாதவரு, அவர்கிட்ட இன்னா கத்துக்கறதுன்னு நெனச்சிகினு போன்ல வீடியோ பாத்து கத்துக்கினேன். ஒரு தடவ போட்டு காட்டுப்பான்னு நான் கேட்டதே இல்ல."

கேட்டுக்கொண்டாயா அண்ணா? அவள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். எவனோ ஒருவனின் மரியாதைக்காக உன் பந்தை உன் மகளிடமிருந்தே ஒளித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பே இல்லை.

திங்கட்கிழமை அவள் செயலாளர் வீட்டுக்குப் போகிறாள். அந்த வரியை எடுக்கச் சொல்லி மறுபடி கேட்கப்போகிறாள். நானும் போகிறேன். முடியாது என்றால் முடியாது என்று அவர் வாயால் சொல்லட்டும், அதுவரை அந்த வீட்டை விட்டு நகரமாட்டோம். அவள் இனி எங்கே போய் எதைக் கேட்டாலும் பக்கத்தில் நான் நிற்பேன். உன்னைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் தருகிறேன்.

கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி