அக்காவுக்குக் கால் வரைந்தேன்

என் ராசாத்தி அக்காவுக்கு,

ஜெயிச்சுட்டேன் அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பக்கத்தில் இருந்திருந்தால், மெதுவாகப் பேசுடி என்று என் வாயைப் பொத்தியிருப்பாய்.

பிரசவத்தில் நீ போய் ஆறு வருஷம். உன் மகள் பழனியம்மா நம் வீட்டில்தான் வளர்கிறாள். கல்யாணத்துக்குக்கூட போட்டோ எடுக்காத குடும்பம் நாம். அதனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்ன கதைதான். பிள்ளை பெற்றுச் செத்தவள் பேயாக அலைவாளாம். பேரிக்காய்த் தோட்டத்து வளைவில் நீ நிற்கிறாயாம். முதலில் சொன்னவள் எதிர்வீட்டு மாரியக்கா. அதிலிருந்து பிள்ளைகள் இவளோடு விளையாட வருவதில்லை. ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

"சித்தி, எங்கம்மா பேயா?"

எனக்கு வாய்ச்சண்டை வராது, உனக்குத் தெரியும். பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்து, ஊர் சொல்லும் பேய்களை வரைய ஆரம்பித்தேன். கோபத்துக்கு முனி. மீசையைக் கீறியதில் காகிதமே கிழிந்தது. பயத்துக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு. வாயில் மட்டும் வெள்ளையை விட்டு, மற்றதையெல்லாம் மையால் நிரப்பினேன். அழுகைக்கு மோகினி. கை ஓயும்வரை கூந்தலை இழுத்துக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற வீட்டில் இதென்ன வேலை என்று அம்மா திட்டினாள்.

கடைசியாக உன்னை வரைந்தேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே, அதனால் மற்ற எல்லாவற்றையும் அந்தரத்தில் விட்டேன். உன்னை மட்டும் ஊன்றி நிற்கவைத்தேன். கூடை சுமந்து வெடித்த குதிகால், மெட்டி, கட்டைவிரலைவிட நீண்ட பக்கத்து விரல், ஒன்றையும் விடவில்லை.

நான் வேலை பார்க்கும், உன் மகளும் படிக்கும் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் மாட்டக் கொண்டுபோனேன். பேய்ப்படங்கள் மட்டும் வேண்டாமே என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். மாட்டினால் மொத்தமும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்றேன். நானா அப்படிப் பேசினேன்?

கொடைக்கானல் கடைவீதியே திரண்டு வந்தது. மாரியக்கா உன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

"பேய்க்கு ஏதுங்க இந்தக் குதிகாலு? நம்ம ராசாத்தில்ல நிக்கிறா. நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டேன்."

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அம்மா உன் பெயரைச் சொல்லி அழுதாள். உன் மகள் அழவே இல்லை. வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருத்தராக இழுத்துவந்து, எங்கம்மா, எங்கம்மா என்று காட்டிக்கொண்டே இருந்தாள்.

நீ அவளை ஒருதரம்கூடத் தூக்கியதில்லை. அடுத்த படத்தில் தூக்கப்போகிறாய். இது என் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றும் தங்கை.