காரிநம்பியின் கணைக்கால் நோவு குறித்துக் கோட்டைத் தலைவர்க்கு

மழை பொய்யாத செங்கரை நாட்டில் மூன்று வேந்தர்க்குப் பேரமைச்சனாயிருந்து, நான்காமவர் கெஞ்சிக் கேட்டதால் ஓய்வு கொண்டு உவந்திருக்கும் தழும்பன், கோட்டைத் தலைவர் எயினன் கோடனார்க்கு விடுக்கும் ஓலை. உமது மதில் ஓங்குக. உமது வாள் துருவேறாதிருக்க. உமது சிறைக்கதவு இவ்வோலை கண்டதும் திறக்க.

இன்றைக்குப் பதினெட்டாம் நாள் நமக்கும் வெண்குன்ற நாட்டார்க்கும் நான்கு காத ஓட்டம் நிகழவிருக்கிறது. வென்ற நாட்டுக்கே கூவிளையாற்றின் முதல் மடைநீர். அதற்குப் பழகிவந்த காரிநம்பி, இடக் கணைக்கால் எலும்பு தீயாய் எரிகிறது, இனி ஓரடியும் ஓட இயலாது என்று விண்ணப்பிக்க, வெண்குன்றத்தாரிடம் கைக்கூலி பெற்று நடிக்கிறான் என்று நீர் அவனைச் சிறையிட்டீர். உண்மை காணுமாறு வேந்தர் தம் முத்திரை மோதிரத்தை எமக்கு அனுப்பினார்.

ஐயுறுவதில் யாம் உமக்கு இளைத்தவரல்லோம். முதலில் காரிநம்பியையே ஐயுற்று அவன் எலும்பை விரலால் அழுத்தினோம். அவன் இட்ட கூச்சலில் கொத்தளத்துப் புறாக்கள் எல்லை கடந்து பறந்தன, இன்னும் திரும்பவில்லை. அடுத்து மருத்துவர் ஆதனாரின் தைலத்தை ஐயுற்று எம் முழங்காலில் பூசினோம். முழங்காலுக்கு மட்டும் இருபது வயது குறைந்தது. மடைப்பள்ளி மாசாத்தியாரின் கஞ்சியில் நஞ்சோ என்று ஏழு கலயம் குடித்துப் பார்த்தோம். நஞ்சிருந்தால் இரண்டாம் கலயத்திலேயே அரண்மனைக்கு நிம்மதி வந்திருக்கும் என்று அவ்வம்மையார் பணிவுடன் தெரிவித்தார்.

எஞ்சியது அவன் ஓடிய பாதை. எழுபத்திரண்டாம் அகவையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டைக்கரையை ஒன்பது முறை சுற்றி ஓடினோம். அரைச்சுற்று என்று உம் காவலர் சொல்வர், நம்பற்க. மறுநாள் எமக்கும் அதே இடக்கால், அதே இடத்தில் நொந்தது. உடனே எம்மையே ஐயுற்றோம். கைக்கூலி எதுவும் வந்து சேரவில்லை என்பதில் சிறிது வருத்தமே.

பின்னரே கரையைக் குனிந்து பார்த்தோம். மதிலுக்கும் அகழிக்கும் இடையே, அகழிப்பக்கம் சரிந்த கருங்கல் தளம். மதிலில் காவல் தெய்வம் உறைவதால் எவரும் வலமாகவே சுற்றவேண்டும் என்பது ஆணை. ஆகவே பழகிய நூறு நாளும் அவன் இடக்கால் பள்ளத்திலேயே விழுந்திருக்கிறது. மோதிரம் கையிலிருக்கும் துணிவில் யாம் இடமாக ஓடிப்பார்த்தோம், வலக்கால் நொந்தது. ஓட்டக்காரனுக்கும் விலக்களிக்காத அவ்வாணையை இட்ட பகைவன் எவன் என்று பழைய ஏடுகளைக் கிளறினோம். முப்பதாண்டுக்கு முந்தைய ஏடு. அடியில் எம் கையெழுத்து.

ஆகவே வேந்தர் முத்திரையிட்டு ஆணையிடுகிறோம்: காரிநம்பியை இப்பொழுதே விடுக. ஏழு நாள் காலை நீட்டிக் கிடக்கட்டும். காலையும் மாலையும் குளிர்ந்த நீரில் கால் வைக்கட்டும். பின்னர் ஆற்றங்கரைச் சமநிலத்தில் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். நோவு தலைகாட்டினால் அக்கணமே நிறுத்துக. பதினெட்டாம் நாள் கால் ஒப்பினால் ஓடுவான். ஒப்பாவிடின் மடைநீர் போகட்டும், அவன் கால் போகலாகாது. அதற்குரிய பழி எம்முடையது. வலஞ்சுற்றும் ஆணை இன்றோடு ஒழிந்தது.

சிறை காலியாகிறதே என்று நீர் கலங்கற்க. குற்றவாளி வந்துகொண்டிருக்கிறான், இரு காலும் நொண்டுவதால் சற்றுத் தாமதமாகும்.